மேட்ரன் பதவி நீங்கிய காலம்

பிரிட்டனில் செவிலியர் நிர்வாகம்: 7ஆம் பகுதி

1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, நகராட்சிகளும் அறக்கட்டளைகளும் அதுவரை தனித்தனியே நடத்திவந்த மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே நாளில் அரசுடைமையாயின. மருத்துவர்களை இச்சேவைக்குள் இணங்கவைக்கச் சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் நடத்திய நெடும் பேரத்தை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கின்றனர். மருத்துவமனை ஊழியரில் மிகப் பெரிய தொகுதியினரான செவிலியருக்குப் புதிய நிர்வாகத்தில் என்ன இடம் என்ற கேள்வியோ அப்பேரத்தில் முதன்மை பெறவே இல்லை. 18 ஆண்டுகள் காத்திருந்த அக்கேள்விக்கு 1966இல், ஓர் உணவு நிறுவனத்தின் இயக்குநர் தலைமையில் அமைந்த குழுவிடமிருந்து விடை வந்தது. அவ்விடையும், அதைத் தொடர்ந்து அரை நூற்றாண்டுக் காலம் நிகழ்ந்த மாற்றங்களும் இப்பகுதியின் பொருளாகும்.

ஒரு மருத்துவமனையின் செவிலியர் அனைவருக்கும் தலைவியான மேட்ரன் என்ற பதவியின் தோற்றம் முந்தைய பகுதிகளில் விரித்துரைக்கப்பட்டதால் இங்குச் சில செய்திகளை நினைவுகூர்ந்தால் போதும். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தம் பெயரால் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்ட காலத்திலேயே, செவிலியரின் பணியும் ஒழுங்கும் செவிலியராக உள்ள ஒரு பெண் தலைவியின் கீழ் மட்டுமே இருக்கவேண்டும் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் உறுதியாக நின்றார். அக்கொள்கை எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. 1865இல் லிவர்பூல் ஏழையர் விடுதியின் நோயாளர் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஆக்னஸ் ஜோன்ஸ், விடுதி ஆளுநரோடு அதிகார எல்லை குறித்து ஓயாது போராடவேண்டியிருந்தது. மூன்றே ஆண்டுகளில் டைஃபஸ் காய்ச்சலுக்கு அவர் பலியானார். ஆயினும் அடுத்த தலைமுறையில் மேட்ரனின் நிலை வலுப்பெற்றது. பிற்காலத்தில் பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையார் என்று அறியப்பட்ட எத்தல் மேன்சன், 1881இல் தம் 24ஆம் வயதிலேயே செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் மேட்ரனானார். லண்டன் மருத்துவமனையில் ஈவா லூக்கஸ் 1880 முதல் 1919 வரை அப்பதவியில் நீடித்தார். செவிலியரைச் சேர்ப்பதும் நீக்குவதும், அவர்களுக்குப் பயிற்சி தருவதும், பெரும்பாலான மருத்துவமனைகளில் சமையற்கூடம், சலவை, துப்புரவு ஆகியவற்றை மேற்பார்ப்பதும் மேட்ரனின் கையில் இருந்தன. இவ்வதிகாரம் கடுமையானது, பல நேரங்களில் கொடுமையாகவும் அமைந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இளம் செவிலியரின் உடை, உறக்கம், விடுமுறை, திருமணம் வரை அது நீண்டது. எனினும் நோயாளியின் படுக்கையைச் சுற்றி நடக்கும் வேலைகளில் ஏறக்குறைய அனைத்தும் செவிலியர் ஒருவருக்குக் கட்டுப்பட்டிருந்தன என்ற உண்மையை மனத்திற்கொண்டே பின்வரும் வரலாற்றைப் படிக்கவேண்டும்.

1948இன் அமைப்பு இந்நிலையை ஆரவாரமின்றி மாற்றியது. அண்டையிலுள்ள சில மருத்துவமனைகள் ஒரு தொகுப்பாக இணைக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுப்பும் ஒரு மருத்துவமனை மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் விடப்பட்டது. பயிற்சி மருத்துவமனைகளுக்கு மட்டும் தனி ஆளுநர் மன்றங்கள் இருந்தன. மேலாண்மைக் குழுவின் முழுநேர அலுவலர் தொகுப்புச் செயலர் எனப்பட்டார். குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பதும், முடிவுகளை மருத்துவமனைகளுக்கு அனுப்புவதும் அவர் வேலை. மேட்ரனோ ஒரு மருத்துவமனைக்கு ஒருவராகவே தொடர்ந்தார்; ஒரு தொகுப்பில் பல மேட்ரன்கள் இருந்தும், தொகுப்பு முழுமைக்கும் செவிலியர் சார்பில் பேச ஒருவரும் இல்லை. 1954இல் வெளிவந்த பிராட்பியர் குழு அறிக்கை, மருத்துவர், செவிலியர், நிர்வாக அலுவலர் ஆகிய மூவரும் கூட்டாகப் பொறுப்பேற்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் பணமும் கோப்பும் எவர் மேசையில் இருந்தனவோ அவரிடமே முடிவும் போய்ச் சேர்ந்தது.

இம்மாற்றம் வார்டு வரை எவ்வாறு எட்டியது என்பதைக் காண ஒரு படுக்கை விரிப்பைத் தொடர்ந்து போகலாம். முப்பது படுக்கைகள் இரு வரிசைகளாக நீளும் ஒரு மருத்துவ வார்டில், வார்டு சிஸ்டர், அதாவது அவ்வார்டின் பொறுப்புச் செவிலியர், காலையில் துணி அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். அன்றைய மாற்றத்துக்குத் தேவையான விரிப்புகளில் பாதிதான் இருக்கின்றன, இருப்பவற்றிலும் சில கிழிந்தவை. பழைய முறையில் இக்குறை மேட்ரனின் காதுக்குப் போனால் அவர் துணிக் கிடங்குப் பொறுப்பாளரை அழைத்து அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுவார். 1950களில் அதே குறை மேட்ரனிடமிருந்து மருத்துவமனைச் செயலரிடமும், அவரிடமிருந்து தொகுப்பின் கொள்முதல் அலுவலரிடமும், சலவைக்கூட மேலாளரிடமும் எழுத்தில் போகவேண்டியதாயிற்று. கொள்முதல் அலுவலர், உணவு அலுவலர், துப்புரவுக் கண்காணிப்பாளர் என ஒவ்வொரு துறைக்கும் தனி அலுவலர் வந்தது திறமையை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. அவர்களுள் எவரும் வார்டு சிஸ்டருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்பதுதான் இழப்பு.

இச்சூழலில், மருத்துவமனைகளில் மூத்த செவிலியர் பதவிகளின் அமைப்பை ஆராய 1963இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் பிரையன் சாமன், பிரிட்டன் எங்கும் தேநீர்க் கடைகளை நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனத்தின் இயக்குநர். அலுவலகப் பணிகளைக் கணினிக்கு மாற்றிய முதல் வணிக நிறுவனம் இதுவே என்பதும், 1951இலேயே தன் சொந்தக் கணினியில் கணக்கிடத் தொடங்கிவிட்டது என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. பணிகளைப் பகுத்து, படிநிலைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுப்பதில் தேர்ந்த ஒரு நிறுவனப் பண்பாடு அக்குழுவின் சிந்தனையில் தெளிவாகத் தெரிகிறது. 1966இல் வெளியான அறிக்கை, மேட்ரன் பதவியின் வேலை எது என்று எங்கும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை எனக் கண்டது. மேட்ரன்கள் சில்லறை வேலைகளில் மூழ்கியிருந்தனர்; துணை மேட்ரன்களுக்கும் உதவி மேட்ரன்களுக்கும் தமக்கெனச் சொல்லத்தக்க பொறுப்பு இல்லை; மேலாண்மைப் பயிற்சி என்பது அநேகமாக இல்லவே இல்லை. இக்கணிப்பு சரியானது. மேட்ரன் காலத்தை ஒரு பொற்காலமாக நினைப்போர் இவ்வறிக்கையின் சான்றுகளைக் கட்டாயம் படிக்கவேண்டும்.

சாமன் குழு வகுத்த ஏணி எண்களால் ஆனது. 5ஆம் நிலையில் பயிற்சி முடித்த பணிச் செவிலியர்; 6ஆம் நிலையில் வார்டு சிஸ்டர் அல்லது, ஆணாயின், சார்ஜ் நர்ஸ்; 7ஆம் நிலையில் சில வார்டுகளைக் கொண்ட ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செவிலியர் அலுவலர்; 8இல் மூத்த செவிலியர் அலுவலர்; 9இல் முதன்மைச் செவிலியர் அலுவலர்; 10இல், தொகுப்பு முழுமைக்கும் தலைவரான தலைமைச் செவிலியர் அலுவலர். கொள்கை வகுப்பது மேல்நிலை மேலாண்மை, அதைத் திட்டமாக்குவது இடைநிலை மேலாண்மை, நிறைவேற்றுவது முதல்நிலை மேலாண்மை என்று மூன்று அடுக்குகள் பிரிக்கப்பட்டன. தலைமைச் செவிலியர் அலுவலர் மேலாண்மைக் குழுவின் கூட்டங்களில் அமர்ந்து செவிலியர் சார்பில் நேரடியாகப் பேசும் உரிமை பெற்றார். மேட்ரன் என்ற பெயர் நீங்கியது. நூறாண்டுக் கால வரலாற்றில் முதன்முறையாகச் செவிலியர் பணி, ஒரு மருத்துவமனையின் சுவர்களைத் தாண்டிய நிர்வாகப் பணியாக அரசால் ஏற்கப்பட்டது. இதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சில இடங்களில் சோதனையாக நடத்திப் பார்த்து மெல்ல விரிவாக்குவதே தொடக்கத் திட்டமாக இருந்தது. ஆனால் 1968இல் செவிலியர் ஊதியத்தை ஆராய்ந்த விலை, வருமானத் தேசிய வாரியம் இதை விரைவுபடுத்தும்படி பரிந்துரைக்க, சோதனையின் பாடங்கள் முழுமையாகக் கைக்கு வருமுன்னரே நாடெங்கும் புதிய பதவிகள் நிரப்பப்பட்டன. மருத்துவமனைக்கு வெளியே வீடுதோறும் பணியாற்றும் செவிலியருக்கும் இதேபோன்ற அமைப்பை 1969இல் மேஸ்டன் அறிக்கை வகுத்தது.

இவ்வேணியில் ஏறியவர் யார் என்ற கேள்வி அறிக்கையைவிட முக்கியமானது. மனநல மருத்துவமனைகளில் பெண்கள் பகுதிக்கு மேட்ரனும் ஆண்கள் பகுதிக்குத் தலைமை ஆண் செவிலியரும் என இணையான இரு தலைமைகள் இருந்துவந்தன. அவை ஒரே பதவிக்கான போட்டியாக மாறியதும், குடும்பப் பொறுப்பால் பணியில் இடைவெளி நேராத ஆண்கள் விரைந்து மேலேறினர். செவிலியரில் சிறு பங்கினரான அவர்கள், உயர் பதவிகளில் தங்கள் எண்ணிக்கைக்குப் பன்மடங்கு மிகுதியான பங்கைப் பெற்றனர். பெண்களால் பெண்களுக்கென உருவாக்கப்பட்ட ஒரே பெருந்தலைமைப் பதவி மறைந்த வேளையிலேயே இது நிகழ்ந்தது.

ஏணியின் முதற்படியையே தொட முடியாதவர்களும் இருந்தனர். கரீபியன் தீவுகளிலிருந்தும் அயர்லாந்து, மலேசியா, மொரிஷியஸ் முதலிய நாடுகளிலிருந்தும் அழைத்துவரப்பட்ட இளம்பெண்களில் பலர், மூன்றாண்டுப் பதிவுச் செவிலியர் பயிற்சிக்குப் பதிலாக, இரண்டாண்டுப் பட்டியல் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். 1943ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இவ்விரண்டாம் தரத் தகுதி, பதவி உயர்வுக்கான வாயிலை ஏறக்குறைய அடைத்துவிட்டது; இவ்வேறுபாட்டை விளக்காமலேயே அவர்கள் சேர்க்கப்பட்டனர் என்பது அக்காலத்துச் செவிலியர் பலரின் குரலில் பதிவாகியிருக்கும் வேதனை. இத்தடைகளைக் கடந்தவராகப் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த டாஃப்னி ஸ்டீலைக் குறிப்பிடவேண்டும். 1964இல் யார்க்‌ஷர் மாவட்டத்தின் இல்க்லியில் உள்ள செயின்ட் வினிஃப்ரெட்ஸ் மருத்துவமனையில் மேட்ரனாகப் பொறுப்பேற்ற அவர், தேசிய சுகாதாரச் சேவையின் முதல் கறுப்பின மேட்ரன். அவர் அப்பதவியை அடைந்த இரண்டே ஆண்டுகளில் அப்பதவியையே நீக்கும் அறிக்கை வெளிவந்தது.

சாமன் அமைப்பின் குறை 7ஆம் நிலையில் வெளிப்பட்டது. நோயாளர் பராமரிப்பில் தேர்ந்தவராக, வார்டு சிஸ்டர்களுக்கு ஆலோசனை தருபவராகச் செவிலியர் அலுவலர் விளங்கவேண்டும் என்பதே குழுவின் எண்ணம். நடைமுறையில் அவருக்கு வார்டில் செய்ய வேலையும் இல்லை, மேலே முடிவெடுக்க அதிகாரமும் இல்லை. பணிப்பட்டியல்களைச் சரிபார்த்தும், ஆள் குறையும் வார்டுக்கு வேறு வார்டிலிருந்து ஆள் அனுப்பியும் அவர் பொழுது கழிந்தது. ஊதிய உயர்வு வேண்டும் செவிலியர் நோயாளியை விட்டு விலகி நிர்வாகத்துக்கோ கற்பித்தலுக்கோ போயாகவேண்டும் என்ற நிலை உறுதியாயிற்று. இருபதாண்டு அனுபவத்தில், ஒரு நோயாளியின் மூச்சின் ஒலி மாறுவதை வாயிலில் நின்றே உணரக்கூடிய சிஸ்டர் ஒருவருக்கு, அவ்வறிவை எங்குப் பயன்படுத்த முடியுமோ அங்கிருந்து வெளியேறுவதே முன்னேற்றம் என்று வகுத்தது அவ்வமைப்பின் பெரும்பிழை. ஊழியர் பற்றாக்குறை மிகுந்த ஒரு துறையில் இதன் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளர்களே.

1974 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மறுசீரமைப்பு, செவிலியர் நிர்வாகத்தை அதன் உச்சிக்குக் கொண்டுசென்றது. மண்டலம், வட்டாரம், மாவட்டம் எனச் சேவை பிரிக்கப்பட்டு, மாவட்டம்தோறும் ஆறு பேர் கொண்ட மேலாண்மை அணி அமைந்தது. நிர்வாக அலுவலர், நிதி அலுவலர், சமூக மருத்துவர், மருத்துவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறப்பு மருத்துவர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர் ஆகியோருடன் மாவட்டச் செவிலியர் அலுவலரும் சம உறுப்பினர். முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்பட்டன, அதாவது ஒருவர் மறுத்தாலும் முடிவு நின்றுவிடும். ஊழியரில் ஏறக்குறைய பாதிப்பேரையும் அவர்களுக்கான பெரும் ஊதியச் செலவையும் ஆளும் பொறுப்பு ஒரு செவிலியரிடம் வந்ததோடு, தம் ஒப்புதலின்றி மாவட்டத்தில் எதுவும் நடவாது என்ற தடுப்பு உரிமையும் சேர்ந்தது. இவ்வளவு அதிகாரம் பிரிட்டனின் செவிலியருக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. ஒன்பதே ஆண்டுகளில் அது பறிபோனது.

1983 பிப்ரவரியில், சேவையின் நிர்வாகத்தை ஆராயும்படி, சூப்பர் மார்க்கெட் நிறுவனமான செயின்ஸ்பரியின் மேலாண்மை இயக்குநர் ராய் கிரிஃபித்ஸைச் சுகாதாரத்துக்கும் பொறுப்பான சமூக சேவைகள் அமைச்சர் நார்மன் ஃபவ்லர் கேட்டுக்கொண்டார். நால்வர் கொண்ட அவ்வணியில் ஒரு செவிலியரும் இல்லை, ஒரு மருத்துவரும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அமைச்சருக்கு ஒரு கடித வடிவில் அளிக்கப்பட்ட அவர்களின் பரிந்துரை, ஒருமித்த கருத்து முறையில் எவரும் இறுதிப் பொறுப்பேற்பதில்லை என்று குற்றஞ்சாட்டியது. நைட்டிங்கேல் இன்று தம் விளக்குடன் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் வந்தாலும் பொறுப்பாளரைத் தேடித்தான் அலையவேண்டியிருக்கும் என்ற கருத்தை முன்வைத்தது. நைட்டிங்கேலின் பெயரைத் துணைக்கழைத்த அக்கடிதம் இன்றைய செவிலியரைப் பற்றிச் சொன்னது மிகச் சொற்பம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பொது மேலாளர், அவரே அனைத்துக்கும் பொறுப்பு என்ற விதி 1984 முதல் நடைமுறைக்கு வந்தது. கோட்பாட்டளவில் செவிலியரும் அப்பதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 192 மாவட்டங்களில் பொது மேலாளராக அமர்ந்த செவிலியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

மாவட்டச் செவிலியர் அலுவலர்களில் பலருக்கு ஆலோசகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. சிலர் புதிதாக உருவான தர உறுதிப் பிரிவுகளுக்கு இயக்குநர்களாக்கப்பட்டனர். வார்டுச் செவிலியரின் எண்ணிக்கையையோ பணத்தையோ தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை. டிரெவர் கிளே பொதுச் செயலராக இருந்த ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1986இல் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து போராடியது. உடலின் எலும்புகளைக்கூட வேறுபடுத்தி அறியாதவர்கள் செவிலியர் பணியை ஆள்வது ஏன் என்ற அதன் கேள்வி மக்களிடம் பரவியது. இக்கேள்வி நியாயமானது, ஆனால் முழுமையானதன்று. 7ஆம் நிலை முதல் 10ஆம் நிலை வரை உயர்ந்த பதவிகளில் செவிலியர் இருந்த காலத்திலும் வார்டு சிஸ்டரின் கை வலுப்பெறவில்லை என்பதை அப்போராட்டம் பேசாமல் விட்டது.

கிரிஃபித்ஸ் கடிதத்தைவிட அமைதியாக வந்த மற்றோர் ஆணை வார்டை இன்னும் ஆழமாகத் தொட்டது. அதே 1983இன் இலையுதிர் காலத்தில், துப்புரவு, சலவை, உணவு ஆகிய பணிகளை ஒப்பந்தப் புள்ளிக்கு விடும்படி சுகாதார ஆணையங்களுக்கு அரசு அறிவுறுத்தியது. ஆண்டுக்கணக்கில் ஒரே வார்டில் பணியாற்றி, எந்த நோயாளிக்குத் தேநீரில் சர்க்கரை கூடாது என்பது வரை அறிந்திருந்த துப்புரவுப் பெண், அதன்பின் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்குக் கட்டுப்பட்டவரானார். தரையில் சிந்திய இரத்தத்தை உடனே துடைக்கச் சொல்ல வார்டு சிஸ்டருக்கு இருந்த எளிய உரிமை, ஒப்பந்த விதிகளில் எழுதப்பட்ட வேலைநேரங்களுக்கு உட்பட்டதாகியது.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1991 ஏப்ரல் முதல் மருத்துவமனைகள் தன்னாட்சி அமைப்புகளாக, டிரஸ்ட் என்ற பெயரில் பிரியத் தொடங்கியபோது, ஒவ்வொரு டிரஸ்டின் வாரியத்திலும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் நிர்வாக இயக்குநர்களாக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இழந்த நாற்காலி இவ்வாறு திரும்பியது. ஆயினும் பெரும்பாலான டிரஸ்டுகளில் வார்டு சிஸ்டர்கள் தத்தம் மருத்துவப் பிரிவின் மேலாளருக்குக் கட்டுப்பட்டிருந்தனர். செவிலியர் இயக்குநர் தொழில்நெறித் தலைவராக மட்டுமே நின்றார். 2000ஆம் ஆண்டு வெளியான சேவைத் திட்டம், மருத்துவமனைத் தூய்மை குறித்து மக்களிடம் எழுந்த சினத்துக்கு விடையாக, நவீன மேட்ரன் என்ற பெயரில் பழைய பதவியை மீட்டது. வார்டுகளின் சூழலைச் சீர்செய்ய ஒவ்வொரு வார்டு சிஸ்டருக்கும் 5,000 பவுண்டு தனி நிதியாக ஒதுக்கியது. தொகை சிறிதுதான். தம் வார்டின் கிழிந்த திரைச்சீலையை மாற்ற எவர் மேசைக்கும் கோப்பு அனுப்பவேண்டாம் என்பது வார்டு சிஸ்டர்களுக்கு நெடுங்காலத்துக்குப் பின் கிடைத்த சலுகை.

வாரியத்தில் ஓர் இருக்கை மட்டும் போதாது என்பதை ஸ்டாஃபர்ட் மருத்துவமனை மிகக் கொடிய முறையில் காட்டியது. 2005 முதல் 2009 வரை அங்கு நோயாளர் பட்ட அல்லல்களை ஆராய்ந்த ராபர்ட் ஃபிரான்சிஸின் பொது விசாரணை அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. நிதி இலக்குகளிலும் உயர்தகுதி பெறுவதிலும் கருத்தைச் செலுத்திய நிர்வாகம், செவிலியர் எண்ணிக்கை குறைந்ததையும், உதவி கேட்டு அழைத்தவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததையும் காணத் தவறியது. சட்டப்படி செவிலியர் ஒருவர் அங்கும் வாரியத்தில் இருந்தார். அறிக்கையின் 290 பரிந்துரைகளுள் ஒன்று, வார்டுப் பொறுப்புச் செவிலியரைப் பற்றியது: அவர் அலுவலக அறைக்குள் அடைபடக்கூடாது, அன்றன்றைய பணியாளர் எண்ணிக்கையிலும் சேர்க்கப்படக்கூடாது, வார்டில் நடமாடி மேற்பார்க்கும் நேரம் அவருக்கு வேண்டும். இங்கிலாந்தில் இது சட்டமாகவில்லை. ஒவ்வொரு டிரஸ்டின் நிதிநிலைக்கும் முடிவுக்கும் விடப்பட்டது.

வேல்ஸ் வேறு வழியில் சென்றது. 2016 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற வேல்ஸ் செவிலியர் எண்ணிக்கைச் சட்டம், வார்டுக்குத் தேவையான செவிலியர் எத்தனை பேர் என்று கணக்கிடும் கடமையைச் சுகாதார வாரியம் நியமிக்கும் ஒருவரிடம் ஒப்படைத்தது. நடைமுறையில் அவர் வாரியத்தின் செவிலியர் இயக்குநராக இருக்கிறார். அவ்வெண்ணிக்கையைக் காப்பதற்கு இயன்ற நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கவேண்டியது வாரியத்தின் சட்டக் கடமை. அவ்வெண்ணிக்கையில் வார்டு சிஸ்டரைச் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தின்கீழ் வெளியான வழிகாட்டுதல் கூறுகிறது. 2018 ஏப்ரலில் வயது வந்தோருக்கான மருத்துவ, அறுவைச் சிகிச்சை வார்டுகளிலும், 2021 அக்டோபரில் குழந்தைகள் வார்டுகளிலும் இது நடைமுறைக்கு வந்தது. மற்ற வார்டுகளுக்கும் இதை விரிவாக்கவேண்டும் என்று செவிலியர் அமைப்புகள் வேல்ஸ் அரசிடம் கேட்டுவருகின்றன.